வயலுக்கும் மலைக்காட்டுக்கும் கால் கவசம்
தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

வயலிலும் காட்டிலும் வேலை செய்வோரின் உடம்பில் அதிகமாக அடிபடுவது முழங்காலுக்குக் கீழ் உள்ள பகுதியே. கரும்புச் சோகை கீறுவதும், வேலிகாத்தான் முள் ஏறுவதும், வெட்டுக்கத்தி தவறிப் படுவதும், பாம்பு தீண்டுவதும் பெரும்பாலும் அங்கேதான். தலைக்கு முண்டாசு கட்டத் தவறாத நம் விவசாயிகள் காலை மட்டும் வெறுமையாகவே விட்டுவிடுகின்றனர். இக்குறையைப் போக்க உதவும் எளிய சாதனம் கால் கவசம்.

கணுக்காலிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை காலைச் சுற்றி அணியும் தடித்த உறைக்கே கால் கவசம் என்று பெயர். மலையேறுவோர் இதைக் கெய்ட்டர் என்பார்கள். வெள்ளையர் காலத்தில் பட்டாளத்தாரும் போலீஸாரும் காலில் சுற்றிக்கொண்ட துணிப்பட்டியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பூட்ஸுக்கும் கால்சட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடி, கல், மண், முள், புல்விதை, பூச்சி ஆகியவை உள்ளே போகாமல் தடுப்பதே இதன் முதல் வேலை. தடிப்பாகச் செய்தால் கத்தி வெட்டையும் பாம்புப் பல்லையும் ஓரளவு தாங்கும்.

யாருக்குத் தேவை?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இதற்குத் தேவை மிகுதி. கிழக்கே உளுந்தூர்பேட்டையை அடுத்த திருநாவலூர் வட்டாரத்தில் நெல், கரும்பு, உளுந்து, மணிலா (மல்லாட்டை) முதலியவை பயிராகின்றன. பெரியசெவலை, மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆகிய இடங்களிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நம்பிக் கரும்பு போடுவோர் ஏராளம். வளர்ந்த கரும்புத் தோட்டம் நிழலும் ஈரமும் எலியும் நிறைந்தது. எலியைத் தேடிப் பாம்பு வரும். சோகை உரிப்போரும் கரும்பு வெட்டுவோரும் தரை தெரியாத சருகின் மேல்தான் கால் வைக்க வேண்டியுள்ளது.

மேற்கே கல்வராயன் மலையில் நிலைமை வேறு. அங்கு சாமை, தினை, மரவள்ளி பயிரிடுவோரும், கடுக்காய், புளி சேகரிக்கக் காட்டுக்குள் செல்வோரும் உண்ணிச்செடிப் புதரையும் ஊசிப்புல்லையும் கடந்தே நடக்க வேண்டும். அருவிகளைக் காண வருவோருக்கும், வனத்துறையின் அனுமதி பெற்று மலைநடை செல்வோருக்கும் இதே தொல்லைதான். மலையில் பாம்பு தீண்டினால் ஆஸ்பத்திரியை அடைய நேரம் பிடிக்கும். எனவே மலைவாசிகளுக்கு முன்காப்பு இன்னும் முக்கியம்.

ஆபத்து எவ்வளவு?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். உலக சுகாதார நிறுவனம் 2017ல் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழக அரசு 2024 நவம்பரில் இதை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

நம் பகுதியில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் முக்கியப் பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் கண்ணாடி விரியன் வயலிலும் வரப்பிலும் அசையாமல் கிடந்து, மிதித்தாலோ அருகில் கால் வைத்தாலோ தாக்கும். இதன் விஷப்பல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை நீளமிருக்கும். நான்கு பாம்புகளிலும் நீளமான பல் இதற்கே. சுருட்டை விரியன் கற்பாங்கான வறண்ட நிலத்தில் இருக்கும். உருவில் சிறியது, பல்லும் சிறியது. மெல்லிய கவசத்தைச் சுருட்டையின் பல் துளைக்க முடியாமல் போகலாம். கண்ணாடி விரியனின் பல் துளைத்துவிடக்கூடும். கவசம் வாங்குமுன் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

கட்டு விரியன் கடி பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குவோருக்கு நேருவது. அதற்குக் கால் கவசம் பயன்படாது. கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொள்வதுமே அதற்குத் தடுப்பு.

பாம்பைத் தவிர உண்ணிக் காய்ச்சலும் கவனிக்க வேண்டியதே. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் இக்காய்ச்சல் பரவுகிறது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டாற்போல் கறுத்த பொருக்கு உண்டாகலாம். புதரில் நடக்கும்போது காலை மூடிக்கொள்வது இதற்கும் நல்ல தடுப்பு.

முதலில் செருப்பா, கவசமா?

பாம்புக்கடியில் பெரும்பகுதி பாதத்திலும் கணுக்காலிலும் படுகிறது. கவசமோ கணுக்காலுக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு மேலே விலையுயர்ந்த கவசம் கட்டினால், வாசலைத் திறந்து வைத்து ஜன்னலைப் பூட்டிய கதைதான். ஆகவே ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் கணுக்கால் வரை மூடும் ஷூ அல்லது பூட்ஸ் வாங்க வேண்டும். அடுத்த பட்டத்தில் கவசம் வாங்கலாம்.

பிரேசில் நாட்டில் விவசாயத் தொழிலாளர் பாதுகாப்புக்காக 2005ல் வந்த விதி இதையே சொல்கிறது. விஷ ஜந்துக்கள் உள்ள இடத்தில் வேலை செய்பவருக்கு உயரமான பூட்ஸ், அல்லது குட்டை பூட்ஸும் கால் கவசமும் முதலாளி கொடுக்க வேண்டும். அங்கே கரும்பு வெட்டுவோர் கத்தியிலிருந்து காத்துக்கொள்ளவும் கவசம் கட்டுகின்றனர்.

கவச வகைகள்

1. குட்டைக் கவசம்: கணுக்காலை மட்டும் மூடும். எடை குறைவு. கல், மண், புல்விதை ஷூவுக்குள் போகாது. உலர்ந்த மலைப்பாதையில் நடக்க இது போதும். பாம்புக்கும் கத்திக்கும் பயன்படாது.

2. முழங்கால் அளவுக் கவசம்: கித்தான் அல்லது தடித்த நைலானில் தைத்தது. முள்ளுக்கும் சோகைக்கும் ஈரப்புல்லுக்கும் ஏற்றது. பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதுமானது.

3. பாம்புக் கவசம்: இரு துணி அடுக்குகளின் நடுவே வளையும் பிளாஸ்டிக் தகடு அல்லது நெருக்கமாக நெய்த பல அடுக்கு நைலான் வைத்தது. எடையும் விலையும் அதிகம், காற்றுப் புகாது. கரும்பு வெட்டு, புதர் அழிப்பு, இரவில் தண்ணீர் பாய்ச்சுதல் ஆகியவற்றுக்கு உகந்தது.

4. அட்டைக் காலுறை: நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த உறை. சாதாரண சாக்ஸின் மேல் போட்டு, அதன்மேல் ஷூ அணிய வேண்டும். வால்பாறை, நீலகிரி, குடகு போன்ற மழை மிகுந்த காடுகளுக்குச் செல்வோருக்கு இது அவசியம். பின்னல் சாக்ஸின் கண்களில் அட்டை நுழைந்துவிடும். நெருக்கமான நெசவில் நுழைய முடியாது. அட்டை கடித்துவிட்டால் பிடித்து இழுக்கவோ சுடவோ கூடாது. நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுத்து, காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

5. ரப்பர் பூட்ஸ்: சேற்றுக்கும் சாணக்குழிக்கும் மருந்து தெளிப்புக்கும் ஏற்றது. நீண்ட தூரம் நடக்க ஏற்றதன்று.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பாம்புக் கவசம் என்று சொல்லி விற்பதெல்லாம் பாம்புப் பல்லைத் தாங்கிவிடாது. சாக்குத் தைக்கும் கோணி ஊசி ஒன்றை எடுத்து, கவசத்தைப் பலகை மேல் விரித்து, ஊசியைச் செங்குத்தாக வைத்து அழுத்திப் பார்க்கலாம். சுலபமாக இறங்கினால் அது முள் கவசம்தான். தையல் ஓரங்களிலும், இரண்டு தகடுகள் சந்திக்கும் இடத்திலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். பலவீனம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கட்டும் முறையையும் கவனிக்க வேண்டும். வெல்க்ரோ என்னும் ஒட்டுப்பட்டை அவிழ்க்கச் சுலபம். ஆனால் நாயுருவி விதையும் ஒட்டுப்புல்லும் சேறும் அதில் அடைத்தால் பிடிக்காது. ஜிப் சேற்றில் சிக்கிக்கொள்ளும். வயல் வேலைக்குப் பக்கிள் வைத்த பட்டையே நீடித்து உழைக்கும். பக்கிள் காலின் வெளிப்பக்கம் வருமாறு கட்ட வேண்டும். உள்பக்கம் வந்தால் ஒரு கால் பக்கிள் மறுகாலில் மாட்டி இடறி விழ நேரிடும்.

பாதத்தின் அடியில் போகும் பட்டை முக்கியமானது. அது இல்லையேல் நடக்க நடக்கக் கவசம் மேலேறி, கணுக்கால் வெளியே தெரியும். தேய்ந்துபோவதும் அதுவே முதலில். ஆகவே மாற்றிக்கொள்ளும்படி அமைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அணிந்து பார்க்கும்போது குந்தி உட்கார்ந்து பார்ப்பது அவசியம். நம் வேலையில் பாதி குந்தியிருந்து செய்வது. மேல் விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்தினால் அது அளவில் நீளம். மேல்பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும்.

உள்ளூரிலேயே தைத்துக்கொள்ளலாம்

முள்ளுக்கும் சோகைக்கும் ஆன கவசத்தை ஊர்த் தையல்காரரே தைத்துத் தருவார். பழைய ஜீன்ஸ் கால்சட்டையின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி இரண்டையும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்காக வைத்து, மேலே எலாஸ்டிக்கும் கீழே அடிப்பட்டையும் வைத்துத் தைத்தால் எளிய கவசம் தயார். நீளம், முழங்கால் சில்லுக்கு இரண்டு விரற்கடை கீழிருந்து ஷூவின் மேல் 5 செ.மீ. படியும் அளவு இருக்கட்டும். சுற்றளவைக் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் எடுத்து, தாராளமாக விட வேண்டும்.

தாராளமாக விடுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 2009ல் வெளியான ஆய்வொன்றில், தண்ணீர் நிரப்பிய ரப்பர் கையுறைகளைப் பாம்புகள் கடிக்கும்படி செய்தனர். ஜீன்ஸ் துணி போர்த்திய கையுறையில் இறங்கிய விஷம், வெறும் கையுறையில் இறங்கியதைவிட ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. மீதி விஷம் துணியிலேயே வடிந்துவிட்டது. தொளதொளப்பான துணி, பல்லுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விடுகிறது. அச்சோதனை நடந்தது அந்நாட்டுக் கிலுகிலுப்பைப் பாம்புகளில்தான். நம் கண்ணாடி விரியனுக்கும் அதே கணக்கு என்று கொள்ளக்கூடாது. ஆயினும் வெறுங்காலைவிடத் துணி மூடிய கால் மேல் என்பதில் ஐயமில்லை.

இன்னும் பலமாக வேண்டுவோர் இரண்டு கித்தான் அடுக்குகளின் நடுவே மேலிருந்து கீழாக மூன்று செ.மீ. அகலத்தில் வரிசையாகப் பைகள் தைத்து, பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து வெட்டிய பட்டைகளைச் செருகலாம். பட்டைகளின் முனையை உருட்டித் தேய்த்துவிட வேண்டும். பூச்சிமருந்து வந்த டிரம்மை இதற்கு உபயோகிக்கக் கூடாது. இவ்வாறு வீட்டில் செய்தது, சோதித்துச் சான்று பெற்ற கவசத்துக்கு ஈடாகாது. கத்தி வெட்டுக்கும் முள்ளுக்கும் நல்ல தடுப்பு என்ற அளவில் கொள்ளலாம்.

வேலைக்கு ஏற்ப அணியும் முறை

கரும்பு வெட்டு, சோகை உரிப்பு: முழங்கால் அளவுக் கவசமும் ஷூவும் வேண்டும். வெட்டுபவருக்கு, கத்தி தவறினால் படக்கூடிய காலில் தகடு வைத்த கவசம் நலம். இதனால் கைக்குப் பாதுகாப்பில்லை. சருகைக் கையால் அள்ளுமுன் கோலால் கிளறிவிட வேண்டும்.

நெல் நடவு, களை எடுப்பு: சேற்றில் கவசம் கட்டி வேலை செய்ய முடியாது. வரப்பில் வரும்போதும் போகும்போதும் கட்டிக்கொண்டு, வயலில் இறங்கும்போது கழற்றி வைக்கலாம்.

உளுந்து, மணிலா பிடுங்குதல்: குந்தியிருந்து செய்யும் இவ்வேலைக்குக் குட்டைக் கவசம் போதும். வேலை தொடங்குமுன் இருவர் கோலுடன் நிலத்தை ஒரு சுற்றுத் தட்டிவர வேண்டும்.

இரவுப் பாசனம்: மோட்டார் போடப் போகும்போதுதான் பலரும் வெறுங்காலுடன் ஓடுகின்றனர். மோட்டார் கொட்டகைக்குப் போகும் பூட்ஸும் கவசமும் வீட்டு வாசலிலேயே, டார்ச் விளக்குடன் ஓரிடத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் இல்லாமல் கவசம் மட்டும் போதாது.

மருந்து தெளித்தல்: துணிக் கவசம் மருந்தை உறிஞ்சித் தோலில் ஒட்டவைக்கும். ஆதலால் அணியக் கூடாது. ரப்பர் பூட்ஸ் போட்டு, கால்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் இறங்கிவிடும்.

மலைநடை: கவசத்தின் கீழ் விளிம்பு ஷூவின் மேல் நன்றாகப் படிய வேண்டும். பாறையிலும் மரக்கட்டையிலும் ஏறி அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே காலை இறக்க வேண்டும். தாண்டிக் குதிப்பது ஆபத்து.

பெண் தொழிலாளருக்கு

களையெடுப்பிலும் சோகை உரிப்பிலும் பெண்களே அதிகம். கடையில் விற்கும் கவசங்கள் ஆண்களின் அளவில் செய்தவை. பெண்களின் காலில் நழுவும். தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பதே சிறந்தது. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகும் வழக்கத்துக்கு முழங்கால் அளவுக் கவசம் பொருந்தும். கொலுசைக் கழற்றிவிட்டுக் கட்ட வேண்டும். கால் வீங்கினால் கொலுசும் மெட்டியும் இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

அன்றாடக் கூலிக்கு வருபவர் சொந்தப் பணத்தில் கவசம் வாங்குவார் என எதிர்பார்க்க முடியாது. மண்வெட்டியும் கடப்பாரையும் வாங்கி வைக்கும் நிலக்காரர், ஆறு ஜோடி கவசத்தையும் வாங்கி வைப்பது கடமை. கரும்பு வெட்டு மேஸ்திரிகளும் ஆட்களுக்கு முன்பணம் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சணம் பூத்துத் தோலில் அரிப்பு வரும். தோலால் செய்ததற்கு விளக்கெண்ணெய் பூசினால் வெடிக்காது. ஆணியில் மாட்டிவைத்த கவசத்தையும் பூட்ஸையும் அணியுமுன் தலைகீழாகத் தட்டி உதற வேண்டும். தேளும் பூரானும் உள்ளே பதுங்கியிருக்கும்.

கோடையில் வியர்வையும் புழுக்கமும் கவசத்தைக் கழற்றி எறியச் சொல்லும். அதற்காக ரெக்சினில் செய்ததைத் தவிர்த்துக் கித்தானில் செய்ததை வாங்கி, காலை வெயில் ஏறுமுன் கடினமான வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆணியில் தொங்கும் தடித்த கவசத்தைவிடக் காலில் இருக்கும் மெல்லிய கவசமே மேல். நாள் முழுதும் கட்டியிருக்கக்கூடியதைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

கவசத்தின் மேல் பாம்பு தீண்டினால்

கவசம் இருந்ததே என்று அலட்சியம் கூடாது. உடனே விலகி வந்து, பக்கிளை அவிழ்த்துக் காலைப் பார்க்க வேண்டும். சிறு கீறலோ, துளியோ, சந்தேகமோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். வீக்கம் ஏறுமுன் கவசம், ஷூ, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கயிற்றால் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலைக்காகக் காத்திருப்பது எல்லாமே கெடுதல். கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசையாதபடி கட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பாம்புக்கடிக்கு மருந்து விஷமுறிவு ஊசி ஒன்றே. மேலே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் அந்த ஒரே மருந்து பயன்படும். 1978ல் தொடங்கப்பட்ட, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்தும் இம்மருந்து தயாராகிறது. திருநாவலூர்ப் பகுதியினருக்கு உளுந்தூர்பேட்டை அரசு ஆஸ்பத்திரியும், மேற்கே உள்ளவர்களுக்குக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உள்ளன. அங்கே போகும் வழியையும் வண்டிக்கு ஏற்பாட்டையும் அறுவடை தொடங்குமுன்னரே யோசித்து வைப்பது நலம்.

வரும் வெட்டுப் பருவத்துக்குக் கத்தியைச் சாணை பிடிக்கும்போதே, ஷூவும் கால் கவசமும் தயாராக உள்ளனவா என்று விவசாயிகள் பார்த்துக்கொள்ள வேண்டும். கூலிக்கு வருபவரின் கால் நன்றாக இருந்தால்தான் கரும்பு நேரத்தில் ஆலைக்குப் போகும். அவர் வீட்டு அடுப்பும் எரியும்.